முதல் இரண்டு தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5: எஞ்சினைக் கேட்பதற்கு முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். எஞ்சினை முடுக்கச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். துணிக்கூரை போட்ட சிறிய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டிகள் நான்கை ஓராண்டுக் காலத்தில் பார்த்து, மூன்றை விட்டுவிட்டு நான்காவதை வாங்கி, அதை ஆறு ஆண்டுகளாக ஓட்டிவரும் இந்த நிலையில், அந்த வரிசையே தவறு என்று உறுதியாகச் சொல்வேன். இந்தக் காரைப் பொறுத்தவரை எஞ்சின் என்பது ஆற அமரப் பார்த்துக்கொள்ளக்கூடிய பொருள். முதலில் பார்க்க வேண்டியது, துணிக்கூரையின் மேல் விழும் மழைநீர் எந்த வழியாகத் தரைக்குப் போய்ச் சேருகிறது என்பதும், அந்த வழி இத்தனை ஆண்டுகளாகத் திறந்திருந்ததா என்பதும்தான்.

காரைப் பற்றிச் சில சொற்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை 1997 வரை வந்தது. எழுந்து படுக்கும் முகப்பு விளக்குகளை வைத்தே அதை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் விளக்குகள் நிலையாகப் பொருத்தப்பட்டன. அடிப்படைக் கட்டமைப்பு பெரிதும் மாறவில்லை. முன்னால் எஞ்சின், பின் சக்கரங்களுக்கு இழுவிசை, இரண்டே இருக்கைகள், நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் முக்கோணக் கைகள் தாங்கும்) சஸ்பென்ஷன் என்ற அமைப்பு, 1960களின் திறந்த கூரை இரு இருக்கை பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் கார்களை, குறிப்பாக லோட்டஸ் எலானை நினைவுபடுத்துவது. ஆனால் அந்தக் கார்கள் பேர்போன எண்ணெய்க் கசிவும் மின்கோளாறும் இல்லாமல் அதே சுகத்தைத் தர வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. தொடக்கத்தில் 1,597 சிசி (1.6 லிட்டர்) எஞ்சின். 1994 மாடல் முதல் 1,839 சிசி (1.8 லிட்டர்) எஞ்சினும் சேர்ந்தது. முதல் வண்டிகளின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. திட்டத்தின் தலைவராக இருந்த தோஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதன் மேல் அமர்ந்தவரும் ஒன்றாவதைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரை இந்தக் காரின் இலக்காக வைத்தார். விளம்பர வாசகம் போலத் தோன்றும் இத்தொடரின் பொருள், நல்ல நிலையிலுள்ள ஒரு வண்டியில் முதல் வளைவைத் திரும்பியதுமே பிடிபட்டுவிடும். நல்ல நிலையிலுள்ள வண்டியைக் கண்டுபிடிப்பதில்தான் சிரமம்.

கூரையில் விழும் நீர் கண்ணாடியின் மேலும் துணியின் மேலும் வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் கூரை உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஒரு காடியில் விழுகிறது. அங்கிருந்து இடமும் வலமுமாக, சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு வடிகால் துளைகளை அடைந்து, உடலுக்குள்ளேயே இறங்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வண்டியின் அடியில் வெளியேறுகிறது. துளைகள் விரல் நுழையும் அளவினவே. மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைச் சருகும் தூசியும் சேர்ந்து சில ஆண்டுகளில் அவற்றை அடைத்துவிடும். அடைபட்ட நீர் நிரம்பி, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும், 'சில்' எனப்படும் பெட்டி வடிவச் சட்டத்தின் உட்புறத்துக்கும் இருக்கைக்குப் பின்னுள்ள கம்பளத்துக்கும் பரவுகிறது. நிலையான இரும்புக் கூரையில்லாத காரில் உடலின் விறைப்பில் பெரும்பங்கைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். அது உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால், சட்டத்தின் கீழ் மூலையில் பெயிண்ட் சிறு கொப்புளமாக எழும்பும்போது, உள்ளே உள்ள தகடு ஏற்கெனவே போயிருக்கும். பின் சக்கர வளைவின் ஓரங்களும் இதே கதிக்கு ஆளாகும் இடங்கள்.

நான் பார்த்த இரண்டாவது வண்டி இதை எனக்குக் கற்றுத்தந்தது. சிவப்பு நிறம், பளபளப்பு குன்றாத பெயிண்ட், ஒரே கை ஓட்டிய வண்டி என்ற உறுதிமொழி. எஞ்சினும் தையல் இயந்திரம்போல ஓடியது. சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழே முன்னிருந்து பின்னாக நகர்த்திக்கொண்டு போனேன். முன்பாதியில் துணியையும் மீறி இரும்பைப் பிடித்துக்கொண்ட காந்தம், பின்பாதியில் ஒரு கையகல நீளத்துக்குப் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபக்கமும் அதே இடத்தில் அதே கதை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தபோது, தகட்டின் கணீரென்ற ஒலிக்குப் பதிலாகச் சுவரைத் தட்டியதுபோல மந்தமான ஒலி வந்தது. தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டிய இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். விற்றவரிடம் கேட்டபோது, தாம் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். ஒரே கை ஓட்டிய வண்டி என்று அரைமணி நேரத்துக்கு முன் சொன்னதை அவர் மறந்துவிட்டிருந்தார்.

காந்தத்தோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எம்எக்ஸ்-5 காரின் பானட் அலுமினியத்தால் ஆனது. அதில் காந்தம் ஒட்டாது. முதல் வண்டியின்போது எனக்குத் துணையாக வந்த நண்பர், பானட் முழுவதும் பட்டி என்று முடிவு கட்டி, என்னை ஓரமாக அழைத்துப்போய் எச்சரித்தார். பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் காந்தத்தைவிட அது மேல். கருவி அலுமினியத்தையும் அளக்கக்கூடியதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆலையில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவில் மட்டும் அது இரட்டிப்பானால் மறுபெயிண்ட் என்றும், ஆயிரத்தைத் தொட்டால் கீழே பட்டி என்றும் கொள்ளலாம். மறுபெயிண்ட் தன்னளவில் குற்றமல்ல. முப்பது ஆண்டு கடந்த கார் ஒரு முறையாவது பெயிண்ட் கடைக்குப் போகாமல் இருந்தால்தான் வியப்பு. ஏன் அடித்தார்கள், அடிப்பதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதற்கு விற்பவரிடம் பதிலும் புகைப்படமும் இருக்க வேண்டும், அவ்வளவே.

வடிகாலைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கூரையைப் பாதி மடக்கி, இருக்கைக்குப் பின்னுள்ள மூலையில் டார்ச் அடித்தால் துளை தெரியும். உரிமையாளரிடம் அனுமதி பெற்று ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உங்களோடு வந்தவர் பின் சக்கரத்தருகே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஓரிரு விநாடிகளில் அங்கே நீர் கொட்டினால் வழி திறந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. எதுவுமே வராவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். பிறகு கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்துங்கள். மேலே காய்ந்திருக்கும் கம்பளம் அடியில் ஈரமாக இருப்பது வெகு சாதாரணம். நாற்றத்தை மறைக்க வாசனைத் திரவியம் தொங்கவிடப்பட்டிருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடும். கழற்றி மாட்டும் கடினக் கூரையோடு ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அந்தக் கூரை கழற்றப்படாத காலம் முழுவதும் வடிகாலை யாரும் எட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

சட்டத்தின் வலிமையைச் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. வண்டியை ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கும்போது, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உறுதியான உடலாக இருந்தால் கதவு முன்போலவே மூடும். சட்டம் அரித்துப்போன உடல் நடுவில் சற்றே வளைந்து, கதவின் பின்னோர இடைவெளி மாறி, தாழ் இடிக்கும். ஜாக்கி வைக்கும்போதே சட்டத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு விளிம்பையும் பாருங்கள். தவறான இடத்தில் தூக்கித் தூக்கி அதை நசுக்கியிருந்தால், பெயிண்டும் சீலன்ட்டும் விரிசல் கண்டு அங்கேயே துரு தொடங்கியிருக்கும். அடிப்பகுதி முழுவதும் கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் மகிழ வேண்டாம். அந்தப் பூச்சு துருவை நிறுத்துவதைவிட மறைப்பதற்கே அதிகம் பயன்படுகிறது. சட்டத்தின் அடியிலுள்ள சிறு வடிகால்களைக்கூட அது அடைத்துவிடக்கூடும்.

இரண்டாம் தலைமுறையில் இதோடு இன்னோர் இடமும் சேருகிறது. முன் சஸ்பென்ஷனை ஒட்டி முன்னோக்கி ஓடும் சாசித் தண்டுகள் (உடலின் முன்பகுதியைத் தாங்கும் சட்டங்கள்) இரட்டைத் தகடாக உள்ள பகுதியில் சேறும் ஈரமும் தங்கி உள்ளுக்குள் அரிக்கும். மேலே நின்று பார்த்தால் இது தெரியாது. வண்டியைத் தூக்கி, முன் சக்கர வளைவின் வழியாகவும் அடியிலிருந்தும் வெளிச்சம் பாய்ச்சி, அடுக்குகள் உப்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எழும்பும் விளக்கு இல்லாததால் சற்று மலிவாகக் கிடைக்கும் இந்தத் தலைமுறையை, இளையது என்பதாலேயே துருவற்றது என்று எண்ணி வாங்கியவர்கள் ஏமாந்த இடம் இது. டிக்கியிலும் ஒரு நோட்டம் தேவை. பேட்டரி இந்தக் காரில் டிக்கியின் மூலையில்தான் இருக்கிறது. ஆலை பொருத்தியது கசியாத வகைப் பேட்டரி. பின்னர் வந்தவர்கள் ஆவியை வெளியேற்றும் குழாய் மாட்டாமல் சாதாரண பேட்டரியை வைத்திருந்தால், அமில ஆவி சுற்றியுள்ள தகட்டைத் தின்றிருக்கும். பின்விளக்குகளின் ரப்பர் இறுகிப்போனால் அவ்வழியாகவும் டிக்கிக்குள் நீர் இறங்கும்.

துணிக்கூரையை விரைவாகக் கடந்துவிடலாம். அது மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள். முதல் தலைமுறையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை இறக்குமுன் ஜிப்பைத் திறந்து அதைப் படுக்கவைக்க வேண்டும். விற்பவர் அப்படிச் செய்கிறாரா, அல்லது ஒரே மடக்காக மடக்கிப் பின்னால் தள்ளுகிறாரா என்பதைப் பேசாமல் நின்று கவனியுங்கள். வண்டி நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி அந்த ஐந்து விநாடிகள் சொல்வதைப் பராமரிப்புப் புத்தகம்கூடச் சொல்லாது. நான்காவது வண்டியின் உரிமையாளர் ஜிப்பைத் திறந்து, ஜன்னலின் மேல் ஒரு பழைய துண்டை விரித்து, அதன் பிறகே கூரையை மடக்கினார். அந்தக் கணத்திலேயே பாதி வாங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது முறையான சோதனை ஆகாது என்றாலும்.

இனி எஞ்சின். குளிர்ந்த நிலையில் முடுக்கிப் பார்ப்பது கட்டாயம். போய் இறங்கியதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் கேட்கக்கூடாத ஏதோ ஓர் ஒலி உங்கள் வருகைக்கு முன்பே தீர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. முதல் தலைமுறையில், முடுக்கியவுடன் தலைப்பகுதியில் 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டுச் சில நிமிடங்களில் அடங்கினால் அது ஆயில் அழுத்தத்தால் இயங்கி வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகளின் வழக்கம்; ஆயிலை ஒழுங்காக மாற்றாத வண்டியில் நீண்ட நேரம் நீடிக்கும். பயப்பட வேண்டியதில்லை. கீழ்ப்பகுதியிலிருந்து, எஞ்சினின் சுமைக்கேற்பக் கனத்து ஒலிக்கும் 'டொக் டொக்' வேறு சங்கதி. அதைக் கேட்டால் வந்த வழியே திரும்பலாம். நெடுந்தூர இறக்கத்தில் கியரிலேயே வண்டியை உருளவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சைலன்சரில் நீலப் புகை எழும்பினால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கின்றன. சூடான பின்பும் நிற்காத, இனிப்பு நெடியடிக்கும் வெள்ளைப் புகை கூலன்ட் எரிவதைக் காட்டும்.

1989 முதல் 1991 வரையிலான தொடக்க கால 1.6 எஞ்சின்களுக்கு மட்டும் உரிய ஒரு குறை உண்டு. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை அவற்றில் குட்டையாக இருக்கும். முன் புல்லியைப் பிடித்துவைக்கும் சாவிக்கட்டை அதன் காடியில் தளர்ந்து, நாளடைவில் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம் விலகி, வண்டி சக்தி இழக்கும். முன் புல்லியில் நான்கு காடிகள் தெரிந்தால் குட்டை முனை, எட்டு தெரிந்தால் பின்னர் வந்த நீண்ட முனை. எஞ்சின் ஓடும்போது அந்தப் புல்லியை மேலிருந்து பார்த்து, அது தள்ளாடாமல் சுழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குட்டை முனை எஞ்சின்கள் அனைத்தும் பழுதடைவதில்லை. டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்தப் போல்ட்டை முறையாக இறுக்காமல் விட்ட வண்டிகளே பெரும்பாலும் சிக்குகின்றன. பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். ஓர் ஆறுதல், இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்குமே தவிர, வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் நாசமாகாது.

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் ஆயில் ஈரம் தெரிந்தால், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. எஞ்சின் தலையின் பின்பக்கம் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் இறுகிப்போனாலும் ஆயில் வழிந்து அதே இடத்தில்தான் சேரும். அந்த ரிங் ஒரு மோதிரம் அளவுள்ள ரப்பர் வளையம். கையை அந்த இடுக்கில் விட்டுத் தடவிப் பார்த்தால் எங்கிருந்து ஈரம் தொடங்குகிறது என்று தெரியும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் அது விரைவில் வெடிப்பு காணும் என்று கொண்டு, விலை பேசும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயில் பிரஷர் முள்ளை நம்புவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொடக்க கால வண்டிகளில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் உண்மையான மானி இருந்தது. பிற்காலத்தில் வந்தது, அழுத்தம் ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் நடுவில் போய் நின்றுகொள்ளும் வெறும் சுவிட்ச். நடுவில் அசையாமல் நிற்கும் முள்ளைக் காட்டி எஞ்சினின் ஆரோக்கியத்தைப் புகழும் விற்பனையாளரிடம் சிரித்துவிட்டு நகரலாம்.

இந்தக் காரின் உயிர் கியர் லீவரில் இருக்கிறது. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், கியர் 'களக்' என்று விழும். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிப்பது இயல்பு. பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் கரகரத்தால், கியர்களின் வேகத்தை இசைவாக்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. லீவரைச் சுற்றி வெப்பக் காற்றும் இரைச்சலும் மேலேறி வந்தால் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறது, அது சிறு வேலை. கிளட்ச் மிதி தளர்ந்தோ, தரைக்கருகில் மட்டும் பிடித்தோ இருந்தால், கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள, கிளட்ச்சை விலக்கும் சிறிய ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள்; உள்ளே திரவம் இருந்தால் குற்றவாளி அதுதான், கிளட்ச் பிளேட் அல்ல. கியர் பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பகிரும் டிஃபரன்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. விவரம் தெரியாதவர்கள் அதிலேயே ஜாக்கி வைத்து வளைத்துவிடுகிறார்கள். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். 1.6 வண்டிகளில் வந்த, கெட்டித் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகை காலப்போக்கில் பலம் இழக்கும். 1994 முதல் 1.8 வண்டிகளில் வந்த டார்சன் வகை கியர்களால் இயங்குவதால் நெடுநாள் உழைக்கும்.

சஸ்பென்ஷனில் எவரும் சொல்லாத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. வீல் அலைன்மென்ட்டைச் சரிசெய்யும் நீண்ட போல்ட்டுகள், சஸ்பென்ஷன் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அதன் பின் அவற்றைத் திருப்பவே முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அண்மையில் எடுத்த அலைன்மென்ட் அச்சுத்தாள் இருந்தால், அந்தப் போல்ட்டுகள் திரும்புகின்றன என்பதற்கு அதுவே சான்று. பிரேக் தட்டைக் கவ்வும் பின் காலிபர்கள் ஹேண்ட் பிரேக் அமைப்போடு சேர்ந்து இறுகிப்போவது இன்னொரு பழக்கமான நோய். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே காலிபர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றால் 2014இன் 23ஆம் வாரம். பட்டை ஆழமாக இருந்தும் பத்து ஆண்டு கடந்த டயரில் ஓட்டிப்பார்த்துவிட்டு, இந்தக் காருக்குப் பிடிமானம் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. டர்போ பொருத்தியது, ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியது, ஏர்பேக் இருந்த ஸ்டீயரிங்கை எறிந்துவிட்டு அலங்காரச் சக்கரம் மாட்டியது ஆகியவற்றை, செய்தவர் யார், கழற்றிய ஆலைப் பாகங்கள் எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காத வரை நான் தொடமாட்டேன். மூன்றாவது வண்டியை நான் விட்டது அதனால்தான். டாஷ்போர்டுக்கு அடியில் நிறம் நிறமாக இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர்கள் தொங்கின. எது எதற்குப் போகிறது என்று உரிமையாளருக்கே தெரியவில்லை. பந்தயத் தடத்தில் ஓட்டியது மட்டும் என் பார்வையில் குறையல்ல. அப்படி ஓட்டுபவர் பெரும்பாலும் ஆயிலையும் பிரேக் திரவத்தையும் மற்றவர்களைவிட அடிக்கடி மாற்றியிருப்பார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றுக்கும் இந்த வரிசை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தலைமுறை போர்ஷ் பாக்ஸ்டரில் எஞ்சினுக்குள் உள்ள இடைத்தண்டின் பேரிங் அதிக எச்சரிக்கையின்றி உடைந்து எஞ்சினையே கொண்டுபோகக்கூடும் என்பதால், அது மாற்றப்பட்டதற்கான ரசீதே முதல் கேள்வி. மாஸ்டாவின் சொந்த ஆர்எக்ஸ்-8 காரில், பிஸ்டனுக்குப் பதில் சுழலும் பாகம் கொண்ட சுழல் எஞ்சினின் கம்பிரஷனை (உள்ளே எழும் அழுத்தத்தை) அதற்கென்றே உள்ள கருவியால் அளக்காமல் பேச்சே தொடங்கக்கூடாது. 2000 முதல் 2006 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3 காரில், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் உடலோடு சேரும் இடத்தில் தளத்தகடு விரிசல் காண்பதைத் தேடவேண்டும். ஒவ்வொரு காருக்கும் அதைக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. மற்றவை எல்லாம் செலவுகள்தான். எம்எக்ஸ்-5 காரில் எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று எது போனாலும் வார இறுதியில் ஒரு நல்ல மெக்கானிக்கால் மீட்டுவிட முடியும், பாகங்களும் கிடைக்கின்றன. 2016இல் பத்து லட்சமாவது வண்டியைக் கண்ட மாடல் என்பதால் உதிரிபாகச் சந்தை பெரிது. 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறைக்கான புதுப்பிப்புச் சேவையை அறிவித்து, நின்றுபோயிருந்த சில பாகங்களை மீண்டும் தயாரித்தது. அரித்துப்போன உடலுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்யும் கூலி வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

என் தீர்ப்பு இதுதான். பெயிண்ட் மங்கி, இருக்கை கிழிந்து, டேப்பெட் சத்தம் போட்டாலும், சட்டமும் சக்கர வளைவும் உறுதியாக உள்ள முதல் தலைமுறை 1.8 வண்டி கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பளபளக்கும் வண்டியைவிட அது மேல். இரண்டாம் தலைமுறையை, வண்டியை ஜாக்கியில் தூக்கி முன் சாசித் தண்டுகளைப் பார்த்த பிறகு எடுக்கலாம். ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் விலை பேசுவதற்கு முன் கூரையை மூடிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிப்பதற்கு மருந்து கிடையாது. தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு இதன் இரைச்சல் ஒரு மாதத்தில் சலித்துவிடும். என் வண்டி வெள்ளி நிற 1.8, வாங்கிய நாளில் இடப்பக்க வடிகாலில் மெல்லிய நைலான் குழாயை விட்டு இழுத்தபோது, கறுத்த சேறோடு ஒரு வேப்பங்கொட்டை அளவு சருகு உருண்டை வந்தது. அடியிலுள்ள பஞ்சு நல்லவேளையாகக் காய்ந்தே இருந்தது. அந்தக் குழாய் இன்றும் டிக்கியில், பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு குவளையோடு கிடக்கிறது.